ஆஷ்மெர் காட்டின் மாதிரி உரிமையாளர்கள்

ஆஷ்மெர் காட்டுக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதை விலை கொடுத்து வாங்கிய லெனர்ட் பாஸ்க் ஒருவர். அவருடைய மனைவி மேவிஸ் இன்னொருவர். மற்ற எல்லோரும் போகலாம். நாயோடு நடக்க வருபவர்கள் போகலாம், அவர்களை இழுத்துக்கொண்டு நாய்களும் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளைச் சேற்றில் உறுமவிடும் பையன்கள் வேலியின் இடைவெளி வழியாகப் போய்விட்டு, முதுகெல்லாம் சேறாக வெளியே வருவார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

இதை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். எங்காவது அர்த்தமில்லாமல் தோன்றினால், நான் சொல்வதில் கோளாறு இருக்கலாம். நடந்ததே அப்படித்தானா என்பதும் எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

லெனர்ட் வீடுகளில் தரைவிரிப்புப் பதிக்கும் வேலை செய்தவர். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுடைய அறைகளில் முழங்காலிட்டே இருந்ததால் இரண்டு முட்டிகளும் போய்விட்டன. மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் ஜன்னல் இல்லாத ஒரு மூலையில் உருளைக்கிழங்கு மசித்தவர். ஓய்வு பெற்றதும் இருவரும் சேமிப்பைத் துடைத்துப்போட்டு ஒரு சின்னக் காட்டை வாங்கினார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இப்படி வாங்குகிறவர்கள் உண்டு. சிலர் படகு வாங்குவார்கள், சிலர் ஸ்பெயினில் வீடு வாங்குவார்கள், இவர்கள் மரம் வாங்கினார்கள். விற்பனை முகவர் போன மே மாதம் சுற்றிக்காட்டியபோது, நடுவிலிருந்த பள்ளம் முழுக்க புளூபெல் என்கிற நீலப் பூ பூத்திருந்தது. மேவிஸ் அங்கேயே நின்று, “லென், எனக்கு இது வேணும்,” என்றாராம். திருமணத்துக்குப் பிறகு அவர் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது என்று லெனர்ட் சொன்னார்.

வக்கீல்கள் வேலையை முடிக்கக் குளிர்காலம் ஆகிவிட்டது. அதற்குள் மேவிஸின் கண்ணில் பிரச்சினை தொடங்கியிருந்தது. பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. இந்த வசந்தத்தில் நிறங்கள் தெரியும், அடுத்த வசந்தத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே புளூபெல் பூப்பதற்குள் காட்டை ஒழுங்குபடுத்தி மேவிஸை உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று லெனர்ட் எங்கள் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தார். பாடம்: சிறுகாடு பராமரிப்பு. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. எனக்குக் காடு கிடையாது. நூலகத்தில் வேலை பார்க்கும் ரோவெனாவுக்கும் கிடையாது. காடு இருந்தது லெனர்டுக்கு மட்டும்தான். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டதும் அவர்தான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, தன் காட்டை முதல்முறை உரிமையோடு பார்க்கப்போகும்போது என்னையும் கூப்பிட்டார். வாயிற்கதவில் அவருடைய சாவிக்குப் பொருந்தாத புதுப் பூட்டு தொங்கியது. அதன் பக்கத்தில் நீல மழைக்கோட்டு போட்ட பெண்மணி நின்றிருந்தார். வட்டாரச் சிறுகாடுகள் அமைதி வாரியத்தின் அலுவலர், பிலிப்பா கார்சைட்.

“மிஸ்டர் பாஸ்க், முதல்ல வாழ்த்துக்கள்,” என்று கை கொடுத்தார். “காட்டை எதுக்கு வாங்கினீங்க?”

“சும்மா வந்து உக்காரத்தான் மேடம். பறவை, அணில் எல்லாம் நல்லா இருக்கட்டும்னும்தான்.”

“அதாவது, பொழுதுபோக்குக்கும் வனவிலங்குக்கும்.”

“அப்படியும் சொல்லலாம்.”

சேரக் கூடாத இரண்டு மருந்துகளைச் சேர்த்து விழுங்கிவிட்டவரைப் பார்ப்பதுபோல் பிலிப்பா அவரைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று பொறுமையாக விளக்கினார். உரிமையாளர் சந்தோஷமாக இருந்தால் விலங்குகள் சந்தோஷமாக இருக்காது. எந்த அளவு சந்தோஷம் எந்த அளவு தொந்தரவு என்று அளந்து முடிக்கும்வரை உரிமையாளரும் அவர் குடும்பத்தினரும் உள்ளே போகக் கூடாது. இதற்கு அமைதிக் காலம் என்று பெயர்.

அவர் அமைதி என்று சொன்னபோது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வேலி இடைவெளி வழியாக உள்ளே பாய்ந்தன. பேச்சு கேட்காததால் அவை தூரமாகப் போகும்வரை நாங்கள் மூவரும் காத்திருந்தோம். லெனர்ட் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“அவங்க பொதுமக்கள்,” என்றார் பிலிப்பா. “அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்க மேல நாங்க எப்படி நடவடிக்கை எடுக்க முடியும்? உங்களை எங்களுக்கு நல்லாத் தெரியும். பேர் இருக்கு, விலாசம் இருக்கு, ஃபோன் நம்பர்கூட இருக்கு. நீங்க எங்களுக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்கீங்க.”

பிறகு பூட்டைப் படமெடுக்க இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவருடைய பூட்ஸ் லெனர்டின் காலை நன்றாக மிதித்தது.

“சாரி,” என்றார் லெனர்ட்.

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் சொல்வோம். கடையில் நம் வண்டிமேல் யாராவது மோதினால் நாம் சொல்வோம், அவர்களும் சொல்வார்கள், யார் மோதியது என்பது முடிவாகாமலே இருவரும் திருப்தியாகப் போய்விடுவோம். பிலிப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்ததைப் பார்த்தபோதும் எனக்கு விபரீதம் எதுவும் தோன்றவில்லை.

விசாரணை ஏப்ரல் தொடக்கத்தில் ஊர் மண்டபத்தில் நடந்தது. பெரிய தேநீர்க் கொதிகலன் ஒரு மூலையில் சீறிக்கொண்டிருந்தது. இஞ்சி பிஸ்கட் இருந்தது. வாரியத் தலைவர் ஹம்ஃப்ரி வெதரால், முதல் அலுவலாக, வராத உறுப்பினர்கள் தெரிவித்த வருத்தங்களைப் படிக்கச் சொன்னார். பெரும்பாலோர் வராததால் அதற்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு வருத்தமும் நன்றியோடு ஏற்கப்பட்டது. இரண்டாவது அலுவல் லெனர்டின் வருத்தம்.

கூட்டத்தில் யாரும் யாரிடமும் நேராகப் பேசக் கூடாது, எல்லாம் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. பிலிப்பாவும் லெனர்டும் முழங்கை இடிக்கும் நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் பிலிப்பா சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தச் சொல்லித் தலைவரைக் கேட்டார்; தலைவர் லெனர்டைக் கேட்டார்.

“மிஸ்டர் பாஸ்க், காட்டு வாசல்ல வச்சு அலுவலர்கிட்ட நீங்க வருத்தம் தெரிவிச்சிருக்கீங்க,” என்றார் வெதரால். “எதுக்கு?”

“அவங்க என் காலை மிதிச்சாங்க ஐயா.”

“அவங்க மிதிச்சதுக்கு நீங்க ஏன் வருத்தப்பட்டீங்க?”

“அது சும்மா வாயில வர்றதுதானே.”

“அப்போ காரணமே இல்லாம வருத்தப்படுற ஆள்னு எடுத்துக்கலாமா?”

“சாரி, நான் அப்படிச் சொல்லலை.”

மீண்டும் வருத்தம் என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். மேவிஸ் மேசைக்கடியில் கணவரின் தொடையைக் கிள்ளினார். லெனர்ட் மேவிஸிடமும் சாரி சொன்னார். அதுவும் எழுதப்பட்டது.

காட்டுக்குள் காலே வைக்காமல் ஒரு மனிதன் மூன்று முறை வருந்துகிறான் என்றால், உள்ளே விட்டால் என்னென்ன செய்ய நினைத்திருப்பான் என்று வாரியம் யோசிக்க வேண்டும் என்றார் தலைவர். உறுப்பினர்கள் யோசித்தார்கள். பிறகு தலைவர் எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

“இந்த வாரியத்துல சேர்ந்ததுலேர்ந்து நான் ஒரு காட்டுக்குள்ளயும் கால் வச்சதில்லை. போகணும்னு ஆசை இல்லாமலா? ஆசை இருக்கு. ஆனா அடக்கிக்கிட்டேன். காட்டை நேசிக்கிறதுன்னா அதுதான். போன வருஷம் மௌனத்தைப் பத்தி ஒரு மாநாடு நடத்தினோம், இருநூறு பேர் பேசினாங்க, ஒருத்தர்கூட சீக்கிரம் முடிக்கலை. காடு தனி ஒருத்தருக்குச் சொந்தமில்லை நண்பர்களே. அது எல்லாருக்கும் சொந்தம். அதனாலதான் நாங்க வச்சுக்கிட்டிருக்கோம்.”

கைதட்டல் ஓய்ந்ததும் மேவிஸ் எழுந்தார். அளக்கிற வேலையை புளூபெல் பூப்பதற்குள் முடித்துவிடுவார்களா, தனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, ஒரே ஒரு முறை கிட்டே போய்ப் பார்த்தால் போதும் என்று கேட்டார். தலைவர் உட்கார்ந்திருந்த இடம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தலைவருக்கு முதுகைக் காட்டியபடி தேநீர்க் கொதிகலனைப் பார்த்துக் கேட்டார். கொதிகலன் சீறியது. தலைவர் வழியாகப் பேசும்படி அந்த அம்மையாரைக் கேட்டுக்கொள்ளுமாறு தலைவர் எழுத்தரைக் கேட்டுக்கொண்டார்.

“பூக்கிறது பூவோட உரிமை,” என்று அந்த முதுகுக்கு வெதரால் பதில் சொன்னார். “அதுக்கு நாங்க கெடு வைக்க முடியாது.”

அமைதிக் காலம் நீடிக்கும் என்பது தீர்ப்பு. அதை எதிர்த்து முறையிட வழி இருந்தது. எப்படி முறையிடுவது என்கிற அறிவிப்பை, விதிப்படி, சம்பந்தப்பட்ட இடத்திலேயே ஒட்டியிருந்தார்கள். காட்டின் நடுவிலிருந்த ஓக் மரத்தில். அதைப் படிக்க உள்ளே போக வேண்டும். நான் போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னேன். முறையீட்டை உரிமையாளர் நேரில் வந்து அந்த மரத்தடியில் உள்ள பெட்டியில் போட வேண்டும் என்று இருந்தது. லெனர்ட் அதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். “பெட்டி நல்ல பெட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்து அளவீடு. பாஸ்க் தம்பதி காட்டுக்குள் உட்கார்ந்தால் எவ்வளவு தொந்தரவு உண்டாகும் என்பதைக் கண்டறிய, அவர்களுக்குப் பதிலாக வேறு இருவரை உட்காரவைத்துப் பார்ப்பது என்று வாரியம் முடிவு செய்தது. அந்த இருவருக்கு மாதிரி உரிமையாளர்கள் என்று பெயர். ஆள் கேட்டு எங்கள் மாலை வகுப்புக்கு வந்தார்கள். நான் கை தூக்கவில்லை. செய்வது சரியா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்தான், இதில் கொஞ்சம் கூடுதலாக. லெனர்ட்தான் என்னை முழங்கையால் இடித்தார்.

“யாரோ ஒருத்தன் போய் உக்காரத்தான் போறான். அதுக்கு நீ போ தம்பி. நல்லா பாத்துட்டு வந்து அவகிட்ட சொல்லு.”

நான் மாதிரி லெனர்ட் ஆனேன். ரோவெனா மாதிரி மேவிஸ்.

காட்டில் என்னென்ன செய்வதாக உத்தேசம் என்று பிலிப்பா லெனர்டை விசாரித்தார். உட்காருவோம் என்றார். பிறகு? டீ குடிப்போம். சாப்பாடு? முட்டை சாண்ட்விச். பேச்சு உண்டா? கொஞ்சம். எதைப் பற்றி? அதை முன்கூட்டியே சொல்ல முடியாது என்றார் லெனர்ட். முன்கூட்டியே சொல்ல முடியாத பேச்சு என்று பிலிப்பா கவலையோடு சொல்லிப் பார்த்தார். வேறு ஏதாவது? லெனர்டுக்கு முகம் சிவந்தது. “அவ கையைப் பிடிச்சுப்பேன்,” என்றார். எந்தக் கையை என்று பிலிப்பா கேட்டார்.

ஏப்ரல் கடைசியில் முதல் அளவீடு. லெனர்டைவிட நான் எடை குறைவு என்பதால், வித்தியாசத்துக்கு ஈடாக என் முதுகுப்பையில் மணல் நிரப்பினார்கள். பள்ளத்தின் நடுவில் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். ரோவெனாவும் நானும் உட்கார்ந்தோம், டீ குடித்தோம், முட்டை சாண்ட்விச் தின்றோம், சைகை வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டோம். சுற்றி எட்டுப் பேர் நின்று எங்களையும் தரையையும் அளந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் பூ பூத்திருந்தது. மரங்களுக்கு இன்னும் முழுதாக இலை வரவில்லை, வெயில் தரைவரை வந்தது, அந்த நீலம் தரையிலிருந்து கொஞ்சம் மேலே நிற்பதுபோல இருந்தது. வாயிலிருந்த சாண்ட்விச்சை மென்று விழுங்க மறந்துவிட்டேன். மாதிரி உரிமையாளர் மென்றாக வேண்டும் என்று ஒருவர் நினைவுபடுத்தினார்.

அன்று மாலை பாஸ்க் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மேவிஸிடம் சொன்னேன். நன்றாகச் சொல்லவில்லை. நீலம் என்றேன். நிறைய என்றேன்.

“ஊதா கலந்த நீலமா கண்ணா, இல்லை வானம் மாதிரியா?”

நான் யோசித்தேன். எனக்கு அந்த வேறுபாடு அப்போது கவனத்தில் இல்லை. ஊதா கலந்தது என்றேன்.

“வாசனை?”

இருந்தது, எப்படி என்று சொல்லத் தெரியவில்லை என்றேன். மேவிஸ் என் பக்கமாகக் கொஞ்சம் குனிந்து, என் சட்டையை முகர்ந்து பார்த்தார். மணல் நாற்றம்தான் வந்திருக்கும். லெனர்ட் எழுந்து பாத்திரம் கழுவப் போனார். கழுவ எதுவும் இல்லை.

காட்டு வாயிலில் நின்று பார்த்தாலே பள்ளம் தெரியும். லெனர்டுக்குத் தெரியும். மேவிஸுக்கு அது ஒரு மங்கல். தினமும் மாலையில் இருவரும் அங்கே போய் நின்றார்கள். லெனர்ட் சொல்லுவார், மேவிஸ் கேட்டுக்கொள்வார்.

ஒரு முறை அளந்தது போதவில்லை. மழை நாளில் உரிமையாளர் எவ்வளவு தொந்தரவு என்று பார்க்க இரண்டாம் முறை உட்கார்ந்தோம். எங்களை அளப்பவர்களால் எவ்வளவு தொந்தரவு என்பதை அளக்க இன்னொரு குழு வந்தது. இரண்டு குழுவுக்கும் மதிய உணவு வந்தது, அதைக் கொண்டுவந்த வண்டி பள்ளத்தின் விளிம்புவரை வந்து திரும்ப இடமில்லாமல் உள்ளேயே ஒரு வட்டம் அடித்தது. பிறகு மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். புளூபெல்லின் இலை ஒருமுறை மிதிபட்டால் அந்தக் கிழங்கு மறுபடி பூக்க வருடங்கள் ஆகும் என்று எங்கள் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அதை பிலிப்பாவிடம் சொன்னேன். அதைத்தான் நிரூபித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

மிதிபட்ட ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொடியை நட்டார்கள். வாரியத்தின் நிறம் நீலம். முதலில் நாற்காலிகளைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. மே இரண்டாம் வாரத்தில் பள்ளத்தில் பூவைவிடக் கொடி அதிகமாக இருந்தது.

லெனர்ட் இரண்டாம் முறை மண்டபத்துக்குப் போனார். இந்த முறை அவர் எதையும் கேட்கப் போகவில்லை, கொடுக்கப் போனார். காட்டை வாரியமே எடுத்துக்கொள்ளட்டும், ஒரு காசு வேண்டாம், பதிலுக்கு மேவிஸ் ஒரே ஒரு தடவை உள்ளே போய் வர வேண்டும் என்றார். பேசும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு நிமிஷம் போதும் ஐயா. நான்கூட வரலை. வாசல்ல நிக்கிறேன். அவளை மட்டும் விடுங்க.”

மண்டபம் நெகிழ்ந்துவிட்டது. ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெதரால் எழுந்து, தன் பணிக்காலத்தில் இவ்வளவு உயர்ந்த உள்ளத்தைப் பார்த்ததில்லை என்றார். காட்டை ஏற்க வாரியம் தயார். கைமாறியதும் மிசஸ் பாஸ்க் உரிமையாளரின் மனைவி இல்லை, பொதுமக்களில் ஒருவர் ஆகிவிடுவார். அவர் யாரென்று வாரியத்துக்குத் தெரியாது. அவர் தாராளமாக எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

லெனர்டின் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

“எப்போ கைமாறும்?” என்று கேட்டார்.

“சீக்கிரமாப் பண்ணிடலாம்,” என்றார் வெதரால். “அக்டோபர்ல.”

திரும்பும் வழியில் லெனர்ட் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அவர் யாரிடமும் சாரி சொல்லவில்லை.

கடைசி அளவீட்டு நாளன்று ரோவெனாவுக்குக் காய்ச்சல். மாதிரி மேவிஸ் இல்லாமல் அளவீடு செல்லாது, பதில் ஆள் பிடித்து வரும்படி காலையில் பிலிப்பா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஓய்வுபெற்ற வயதில் ஒரு பெண்மணியாக இருந்தால் மிகவும் நல்லது, உரிமையாளரின் குடும்பமாக மட்டும் இருக்கக் கூடாது என்றார். நான் நேராக பாஸ்க் வீட்டுக்குப் போனேன். சொன்னதும் மேவிஸ் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டார். லெனர்ட்தான் தயங்கினார்.

“கண்டுபிடிச்சிடுவாங்க.”

“மண்டபத்துல பேசினப்போகூட என்னை எவன் பாத்தான்?” என்றார் மேவிஸ்.

வாயிலில் பிலிப்பா பெயர் கேட்டார். ரோவெனாவுக்குப் பதிலாக வந்திருப்பதாக மேவிஸ் சொன்னார். பிலிப்பா அப்படியே எழுதிக்கொண்டார்: ரோவெனாவுக்குப் பதில். பிறகு தராசில் நிற்கச் சொன்னார்கள். மேவிஸுக்காக வாரியம் நிர்ணயித்திருந்த எடைக்கு மேவிஸ் குறைவாக இருந்தார். ஒரு பையில் மணல் போட்டு அவர் தோளில் மாட்டினார்கள். லெனர்ட் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேவிஸை அடையாளம் காணாதவர்கள் அவரை மட்டும் கண்டுகொண்டார்கள். ஓர் உதவியாளர் வந்து கதவிலிருந்து இன்னும் ஓரடி தள்ளி நிற்கச் சொன்னார்.

நான் மேவிஸின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். பள்ளத்துக்கு வந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். மணல் பை அவரைப் பின்னால் இழுத்தது. அவர் முகத்தை மெதுவாக இடமும் வலமும் திருப்பினார். எங்களைச் சுற்றி இரண்டு குழுக்களும் நின்றன. எங்களுக்கும் மரங்களுக்கும் இடையில், பார்த்த இடமெல்லாம், காற்றில் சின்னச் சின்னதாக நீலம் அசைந்துகொண்டிருந்தது.

“அடேயப்பா,” என்றார். “இவ்வளவா?”

தலையாட்டினேன், அது அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு, “ஆமாம்,” என்றேன்.

“நீ சொன்னப்போ இவ்வளவுன்னு சொல்லலையே கண்ணா.”

பிலிப்பா ஓரடி முன்னால் வந்தார். தவறான தகவலை அப்படியே விடும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

“அது பூ இல்லைங்க,” என்றார் கனிவாக. “அடையாளக் கொடிங்க. உரிமையாளரால வர்ற சேதத்தைக் குறிச்சு வச்சிருக்கோம்.”

மேவிஸின் முகம் திரும்புவதை நிறுத்தியது. மூக்கால் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தார். தயங்கி, மறுபடி இழுத்தார். டீ ஊற்றும்படி எனக்குச் சைகை வந்தது. ஊற்றினேன்.

“யாரு உரிமையாளர்?” என்று கேட்டார்.

“பாஸ்க்னு ஒருத்தர். பூவைப் பார்த்தே ஆகணும்னு ஒரே பிடிவாதம். ஆனா நல்ல மனுஷன்தான், ரொம்ப வருத்தப்படுறவர்.”

“அவருக்குப் பொண்டாட்டி இருக்காங்களா?”

பிலிப்பா கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“அவங்களைப் பத்தி எங்ககிட்ட எடை மட்டும்தான் இருக்கு.”

கையைப் பிடிக்கும் நேரம் வந்தது. பிடித்தேன். மேவிஸின் கை சில்லென்று இருந்தது. மாதிரி உரிமையாளரின் மனைவிக்கு மகிழ்ச்சி எந்த அளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லும்படி ஒருவர் கேட்டார். மேவிஸ் பத்து என்றார். உரக்கச் சொன்னார், கதவுவரை கேட்கும்படி. அது இதுவரை பதிவானதிலேயே அதிகம் என்று குழுக்களுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. இவ்வளவு மகிழ்ச்சியை இந்தப் பள்ளம் தாங்காது என்று பிலிப்பா வருத்தத்தோடு தலையாட்டினார்.

மணலை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தோம். கதவு பூட்டப்பட்டது. உதவியாளர் நிறுத்திவைத்த அதே இடத்தில் லெனர்ட் நின்றிருந்தார். அங்கிருந்து பள்ளம் முழுதும், ஒவ்வொரு கொடியும், தெளிவாகத் தெரிந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன்.

“பார்த்தியா?” என்று கேட்டார்.

“பார்த்தேன் லென்.”

“நல்லா இருந்துச்சா?”

“பள்ளம் முழுக்க. ஒரு இடம்கூட பாக்கி இல்லை. போன வருஷத்தைவிட அதிகம்.”

லெனர்ட் காட்டைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

“எனக்கு இங்கேர்ந்தே தெரிஞ்சுச்சு,” என்றார். “என்னா நீலம்.”

மேவிஸ் கையை நீட்டினார். லெனர்ட் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வெறும் காற்றில் அந்தக் கை நின்றது. லெனர்ட் நகர்ந்து போய் அந்தக் கை இருந்த இடத்தில் நின்றுகொண்டார்.